வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிகிற ஷபாத் சமையல்

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்தவள். இஸ்ரேலில் ராமத் கான் நகரத்தில், எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டிக்கு கேர்கிவராக அவர் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறேன். பாட்டி பாக்தாத்தில் பிறந்தவர். சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பத்தோடு இங்கே வந்தாராம். வெள்ளி மாலை விளக்கேற்றும்போது தொடங்கும் யூதர்களின் ஓய்வு நாளான ஷபாத்துக்காக, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருடைய மகள், மருமகன், நான்கு பேரப்பிள்ளைகள் வந்து சனிக்கிழமை இரவு வரை இருப்பார்கள். முன்பெல்லாம் பாட்டியே சமைப்பார். இப்போது கை நடுங்குகிறது, முடியவில்லை. மகளுக்கோ வேலைக்குப் போய்வரவே நேரம் சரியாக இருக்கிறது. அதனால் அந்தச் சமையல் கொஞ்சம் கொஞ்சமாக என் தலையில் வந்து விழுந்துவிட்டது. வியாழக்கிழமை மாலை ஆரம்பித்தால் மறுநாள் விளக்கேற்றும் நேரம் வரை அடுப்படியிலேயே நிற்கிறேன். எட்டு ஒன்பது வகை செய்கிறேன், பாதி மிஞ்சிப்போகிறது. பாத்திரம் மாறிவிடுமோ, ஏதாவது சட்டத்தை மீறிவிடுவேனோ என்கிற பயம் வேறு. பாட்டியும் குழந்தைகளும் விரும்பிச் சாப்பிடுகிற மாதிரி, அதிக வேலை இல்லாத ஷபாத் சாப்பாடு ஏதாவது சொல்லுங்கள். நம்ம ஊர் மசாலா சேர்க்கலாமா? சனிக்கிழமை ஏதாவது சமைத்துக் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, நான் இந்த நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் கோஷர் (யூத உணவு விதிப்படி நடக்கும்) சமையலறையில் சமையல் பொறுப்பில் இருக்கிறேன். உங்களைப் போலவே நானும் யூதர் அல்ல. மஷ்கியா என்று அழைக்கப்படும் மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க, அவர்களுடைய விதிகளுக்குள் நின்று சமைப்பதுதான் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நீங்கள் வேலையைக் குறைத்தால் ஷபாத் குறைந்துவிடாது. ஷபாத்துக்கென்றே பிறந்த சாப்பாடு, ஆள் கிட்டே போகாமல் இரவு முழுக்கத் தானாகவே சூட்டில் கிடந்து பதமாகும் ஒரு பானைச் சாப்பாடுதான். உங்கள் பாட்டியின் பாக்தாத் வீட்டிலும் அப்படி ஒரு பானை இருந்திருக்கும். அந்தப் பானைக்கே திரும்பிப் போகலாம்.

அதற்கு முன்னால் உங்கள் பயத்தைப் பேசிவிடுவோம். பயம் தெளிந்தால் பாதி வேலை குறையும்.

முதல் விஷயம், அடுப்பைப் பற்ற வைப்பது யார் என்பது. யூதர் அல்லாத ஒருவர் முழுக்க முழுக்கத் தனியாகச் சமைத்ததை ஆசாரமான குடும்பங்கள் சாப்பிடுவதில்லை. அந்தச் சமையலில் ஒரு யூதரின் கை பட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றில், அடுப்பை ஒரு யூதர் பற்ற வைத்தாலே போதும் என்பார்கள். ஈராக், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள், பானையைத் தீயில் ஏற்றுவதும் தங்கள் கையாக இருக்க வேண்டும் என்று பார்ப்பதுண்டு. கை நடுங்கும் பாட்டியைக் கொதிக்கிற பானையைத் தூக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நீங்கள் இப்படிச் செய்யலாம். அடுப்பு அணைந்திருக்கும்போதே, எல்லாம் போட்ட பானையை அதன்மேல் வைத்துவிடுங்கள். பிறகு பாட்டி வந்து குமிழைத் திருப்பிப் பற்ற வைக்கட்டும். ஓவனுக்கும் அப்படியே: தட்டை உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டு, பாட்டியைத் திருப்பச் சொல்லுங்கள். நடுவில் அரிசி மாதிரி ஏதாவது சேர்க்கும்போதும், அடுப்பை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி பாட்டியைப் பற்ற வைக்கச் சொல்லுங்கள். பற்ற வைத்தவர் அவர் என்பதால் இரண்டு வழக்கத்துக்கும் இது பொருந்தி வரும். இருந்தாலும் மகளிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் ரப்பி (யூத மதகுரு) சொன்னபடிதான் நடக்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இத்தனை வருடம் சமைத்த கை இப்போது சும்மா இருக்கிறதே என்று பாட்டி மனதுக்குள் வருந்திக்கொண்டிருப்பார். "சவ்தா (பாட்டி), வந்து அடுப்பைப் பற்ற வையுங்கள்" என்று நீங்கள் கூப்பிடும்போது அது அவருடைய சமையலாகிவிடும்.

பச்சையாகச் சாப்பிடக்கூடிய சாலட், பழம் இவற்றுக்கெல்லாம் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவற்றை நீங்களே தாராளமாகச் செய்யலாம்.

இரண்டாவது, பாலும் இறைச்சியும். இரண்டையும் அவர்கள் கலக்கமாட்டார்கள், பாத்திரமும் தனித்தனி. இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆலோசனை, வியாழன் மாலையிலிருந்து சனி இரவு வரை பால் பக்கமே போகாதீர்கள் என்பதுதான். பால், தயிர், வெண்ணெய், சீஸ் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜின் ஒரு தட்டில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் இறைச்சிப் பாத்திரம் மட்டும்தான் வெளியே இருக்க வேண்டும். பல வீடுகளில் இறைச்சிக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் மகளிடம் வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் தனித்தனியாக இருக்கட்டும். நம் ஊர்க் கை தானாகச் செய்கிற இரண்டு காரியங்களில் மட்டும் கவனம் வேண்டும். கோழியைத் தயிரில் ஊற வைப்போம், சோறு உதிரியாக வர ஒரு ஸ்பூன் நெய் விடுவோம். இங்கே இரண்டுமே ஆகாது. தயிருக்குப் பதில் எலுமிச்சைச் சாறு, நெய்க்குப் பதில் எண்ணெய். தேங்காய்ப்பால் பாலில் சேராது, ஆனால் டப்பாவில் கோஷர் முத்திரை இருக்க வேண்டும்.

அப்படியும் ஏதாவது கலந்துவிட்டால் கழுவி மறைக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பாத்திரத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு உடனே மகளிடம் சொல்லுங்கள். அவர்கள் ரப்பியிடம் கேட்டுக்கொள்வார்கள். நிறைய நேரங்களில் சரிசெய்ய வழி இருக்கும். மறைத்து, பின்னால் தெரியவந்தால்தான் அவர்களுக்கு மனம் நோகும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். முட்டையை ஒவ்வொன்றாக ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்துப் பாருங்கள், ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டை வேண்டாம். அரிசியைத் தட்டில் பரப்பிப் பூச்சி பாருங்கள், இது நமக்குப் பழகிய வேலைதான். கொத்தமல்லி, பார்ஸ்லி, புதினா எல்லாம் பூச்சியில்லாமல் வளர்த்துப் பையில் அடைத்து விற்கிறார்களே, அதையே வாங்கச் சொல்லுங்கள். சாதாரணக் கீரைக்கட்டை இலை இலையாகப் பார்த்துக்கொண்டு நின்றால் வியாழக்கிழமை மாலை அதிலேயே போய்விடும். ஈரல் மட்டும் சமைக்க வேண்டாம், அதற்குத் தனி விதி உண்டு. திறந்த ஒயின் பாட்டிலையும் திராட்சைச் சாற்றையும் நீங்கள் தொடாமல் இருப்பது நல்லது. காய்ச்சிப் பதப்படுத்திய ஒயின் என்றால் யார் ஊற்றினாலும் பரவாயில்லை என்பார்கள், ஆனால் எது எப்படிப்பட்டது என்று நீங்கள் லேபிளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூடி திறக்காத பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டால் போதும், மருமகன் பார்த்துக்கொள்வார்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

ஷபாத்தில் மூன்று வேளை உணவு உண்டு. வெள்ளி இரவு ஒன்று, சனி பகலில் ஒன்று, சனி மாலை சூரியன் மறையும் முன் லேசாக ஒன்று. இதில் தவிர்க்க முடியாதவை ஒயின், இரண்டு முழு ரொட்டி, மெழுகுவர்த்தி. பிறகு சூடாக ஏதாவது ஒன்று. இவ்வளவுதான். மேஜை நிறையக் கிண்ணங்கள் வைப்பது அன்பினால் வந்த பழக்கம், சட்டம் அல்ல. பாட்டிக்கு உடம்பில் தெம்பு இருந்த காலத்தில் அது அவருக்கு மகிழ்ச்சி தந்திருக்கும். இன்று அந்த அளவை உங்கள் ஒருத்தியின் முதுகில் ஏற்றுவது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெள்ளி இரவுக்கு பீட்ரூட் சாற்றில் குப்பே, வெள்ளைச் சோறு, ஒரு சாலட். ரவை மாவுக்குள் இறைச்சி வைத்து உருட்டும் குப்பே ஈராக் வீடுகளின் உயிர். ஆனால் அதைக் கையால் உருட்டுவது அரை நாள் வேலை. சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்த குப்பே கிடைக்கிறது, முத்திரை பார்த்து மகளை வாங்கி வரச் சொல்லுங்கள். எட்டுப் பேருக்கு 24 உருண்டை போதும். வேகவைத்து வெற்றிடப் பையில் அடைத்த பீட்ரூட்டும் கிடைக்கும், அதனால் தோல் சீவிக் கை சிவக்க வேண்டியதில்லை. பெரிய பானையில் மூன்று வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, மூன்று மேஜைக்கரண்டி தக்காளி பேஸ்ட் போட்டு, நறுக்கிய பீட்ரூட் நான்கு, தண்ணீர் இரண்டரை லிட்டர், உப்பு, இரண்டு எலுமிச்சையின் சாறு, ஒரு ஸ்பூன் சர்க்கரை. கொதி வந்ததும் உருண்டைகளை மெதுவாக இறக்கி, மிதமான தீயில் அரை மணி நேரம். புளிப்பும் இனிப்பும் சேர்ந்த அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். ரசமும் குழம்பும் வைத்த கைக்கு இந்தச் சுவையைச் சரிப்படுத்த யாரும் சொல்லித்தர வேண்டாம். வியாழன் மாலை செய்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

சனிக்குத்தான் அந்தப் பானை. அதன் பெயர் த்பீத். கோழியும் அரிசியும் தக்காளியும் சேர்த்து, வெள்ளி மதியம் அடுப்பிலிருந்து இறக்கி, மறுநாள் மதியம் வரை மெல்லிய சூட்டில் கிடக்க விடுவது. போலந்து, ரஷ்யா பக்கத்து யூதர்கள் பீன்ஸும் பார்லியும் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டு 'சோலன்ட்' என்று வைப்பார்கள். மொராக்கோக்காரர்களுக்கும் ஏமன்காரர்களுக்கும் அவரவர் பானை உண்டு. ஓய்வு நாளில் தீ மூட்டக்கூடாது, ஆனால் சூடான சாப்பாடும் வேண்டும் என்ற ஒரே தேவை, போன ஊரிலெல்லாம் அந்தந்த ஊர் தானியத்தோடும் மசாலாவோடும் ஒரு பானையாக மாறியிருக்கிறது. 1950 முதல் 1952 வரை ஈராக்கிலிருந்து 1,20,000 யூதர்களுக்கு மேல் விமானத்தில் இஸ்ரேலுக்கு வந்தார்கள். உடைமைகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். உங்கள் பாட்டியின் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் வந்ததாகத்தான் இருக்கும். ராமத் கானில் அவர்கள் நிறையப் பேர் குடியேறினார்கள். த்பீத் வாசனை அந்த வயதுக்காரர்களுக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் இல்லத்தில் கண்ணால் பார்க்கிறேன். சரியாகச் சாப்பிடாதவர்கள்கூட இரண்டாவது முறை கேட்டு வாங்குவார்கள்.

பழைய முறையில் முழுக் கோழிக்குள் அரிசியை அடைத்துத் தைப்பார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். எட்டுக் கோழிக்கால்கள், தொடையோடு சேர்த்து, இரண்டு கிலோ வரும். கனமான பெரிய பானையில் எண்ணெய் விட்டு இரண்டு வெங்காயம் பொன்னிறமாகட்டும். கோழியை இரு பக்கமும் சிவக்க வையுங்கள். நான்கு பழுத்த தக்காளி, இரண்டு ஸ்பூன் தக்காளி பேஸ்ட், மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன், மிளகுத்தூள், ஏலக்காய் ஆறு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று. ஏழு கப் தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரம் கொதிக்கட்டும். நீள அரிசி நான்கு கப் கழுவி அரை மணி நேரம் ஊற வைத்ததை வடித்துப் போட்டு, தண்ணீர் முழுக்க உறிஞ்சும் வரை சிறு தீயில் மூடி வையுங்கள். அரிசி நன்றாக வெந்திருக்க வேண்டும், அரைவேக்காட்டில் விடாதீர்கள். ஏற்கெனவே பத்து நிமிடம் வேகவைத்த முட்டைகளை ஓட்டோடு கழுவி, சோற்றின்மேல் பத்துப் பன்னிரண்டு அடுக்குங்கள். மூடி போட்டு, சூடு ஆறும் முன்பே ப்ளாட்டாவுக்கு (ஷபாத் முழுக்கச் சூடாக இருக்கும் மின்தட்டு) மாற்றுங்கள். காலையில் முட்டை உள்ளே பழுப்பாக, வேறொரு சுவையில் இருக்கும். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தர ஆள் வைத்துக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள்.

உப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கோஷர் கோழியைத் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு மணி நேரம் உப்பில் போட்டு, பிறகு கழுவித்தான் விற்கிறார்கள். அதனால் கறியிலேயே உப்பு இருக்கும். நீங்கள் வழக்கமாகப் போடுவதில் பாதி போட்டு ருசி பாருங்கள். பாட்டிக்கு ரத்த அழுத்தம் இருந்தால் இது இன்னும் முக்கியம். சூப் பவுடர், கியூப் எதுவும் வேண்டாம். கோழியும் வெங்காயமும் இவ்வளவு நேரம் சூட்டில் இருந்தால் அதுவே போதுமான ருசியைத் தரும். இரவெல்லாம் கிடந்த சோறு குழைந்து இருக்கும் என்பதால் பல் செட் போட்டவர்களும் சிரமமில்லாமல் சாப்பிடலாம். எலும்பை மட்டும் நீங்கள் பார்த்து எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலைக்குச் சமையலே இல்லை. கத்தரிக்காய் மூன்று பெரிதாக வாங்கி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாக வெட்டி, எண்ணெய் தடவி, 220 டிகிரி ஓவனில் அரை மணி நேரம். வியாழக்கிழமையே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். எண்ணெயில் பொரிப்பதைவிட இது வேலையும் குறைவு, பாட்டிக்கும் நல்லது. காலையில் பானையிலிருந்து எடுத்த பழுப்பு முட்டை, குளிர்ந்த கத்தரிக்காய், பிட்டா ரொட்டி, கடையில் வாங்கிய தஹினி (எள் விழுது), அப்புறம் அம்பா. அம்பா வேறொன்றுமில்லை, மாங்காய் ஊறுகாய்தான். பம்பாய்க்கும் பாக்தாத்துக்கும் இடையே வணிகம் செய்த யூதர்கள் வழியாக அங்கே போனது என்பார்கள். இந்தச் சேர்க்கையைத்தான் சபிஹ் என்ற பெயரில் பிட்டாவுக்குள் அடைத்து நாடு முழுக்கத் தெருக்கடைகளில் விற்கிறார்கள். கடைச் சாப்பாடாக அது தொடங்கியது உங்கள் ராமத் கானில்தான். அம்பா நம் நாக்குக்கும் ஒத்துப்போகும் என்பதால் உங்களுக்கும் காலைச் சாப்பாடு ஆச்சு.

மாலை மூன்றாவது வேளைக்கு மீதி பிட்டா, டின் டூனா, வெள்ளரிக்காய், தக்காளி, பழம். டூனாவை இறைச்சியோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள், மீனையும் இறைச்சியையும் அவர்கள் சேர்த்துச் சாப்பிடுவதில்லை. மதியம் இறைச்சி சாப்பிட்டிருப்பதால் சீஸும் எடுக்காதீர்கள். பல குடும்பங்கள் ஆறு மணி நேரம் இடைவெளி விடும்.

இப்போது நேரத்தைப் பிரித்துக்கொள்வது. ராமத் கானில் விளக்கேற்றும் நேரம் டிசம்பரில் மாலை 4.15 வாக்கில் வந்துவிடும், ஜூனில் 7.30 வாக்கில்தான் வரும். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை என்பது அரை நாள்தான். அதனால் எந்தக் காலமானாலும் மதியம் ஒன்றரை மணிக்கு எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மாலை இரண்டு மணி நேரம்: குப்பே பானை அடுப்பில், கத்தரிக்காய் ஓவனில், முட்டை ஒரு ஓரத்தில், எல்லாம் ஒரே நேரத்தில். பாட்டி மூன்று குமிழையும் ஒரே தடவையில் திருப்பிவிட்டுப் போய் உட்காரலாம், குப்பே உருண்டைகளைப் போடும்போது மட்டும் இன்னொரு தடவை வந்தால் போதும். வெள்ளி காலை பத்து மணிக்கு த்பீத், பன்னிரண்டரை மணிக்கு அது தயார். அது கொதிக்கிற நேரத்தில் இரவுக்கான சோறு, ஒரு சாலட். சாலட்டைப் பொடியாக நறுக்குவதை வெள்ளியன்றே முடித்துவிடுங்கள், சனிக்கிழமை பொடியாக நறுக்குவது அவர்களுக்குத் தடை. எலுமிச்சையும் எண்ணெயும் சாப்பிடும்போது மேஜையில் சேர்த்துக்கொள்ளலாம்.

குமிழ் இல்லாத மின்தட்டு ப்ளாட்டா உங்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். த்பீத் தயாராகும்போதே அது சூடாகியிருக்க வேண்டும். குப்பே பானையை அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்து அதன்மேல் மாற்றுங்கள். சோறும் த்பீத்தும் பக்கத்தில். குளிர்ந்த குழம்பையோ சூப்பையோ சனிக்கிழமை எடுத்து அதன்மேல் வைத்துச் சூடாக்க பெரும்பாலான குடும்பங்கள் ஒப்புக்கொள்ளாது. அதனால் திரவமாக இருப்பதை முன்கூட்டியே சூட்டில் வைத்துவிட வேண்டும். பானையைப் போர்வையால் எல்லாப் பக்கமும் சுற்றிக் கட்டாதீர்கள், சூடேறும் தட்டின்மேல் அப்படிப் பொதிவதற்குத் தடை உண்டு. மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். டீக்கும் காபிக்கும் வேண்டிய வெந்நீர்ப் பாத்திரத்தையும் முன்பே கொதிக்க வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் விளக்கை அணைக்க மறக்கக்கூடாது, கதவைத் திறக்கும்போது விளக்கு எரிந்தால் அவர்கள் திறக்கவே மாட்டார்கள்.

சோறு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. வெந்த சோறு ஒன்று ப்ளாட்டாவில் கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், இல்லை ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். வெள்ளி இரவு சாப்பிட்டு மிஞ்சியதைச் சமையல் மேடையில் இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் பரிமாறாதீர்கள். அதில் வளரும் கிருமி, வயதானவர்களைப் படுக்கையில் போட்டுவிடும்.

சனிக்கிழமை சமைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தடை இல்லை, உங்கள் சொந்தச் சாப்பாட்டை நீங்கள் செய்துகொள்ளலாம். ஆனால் அவர்களுக்காக நீங்கள் அன்று சமைத்ததை அவர்கள் சாப்பிட முடியாது. சூடு குறைந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் அடுப்பைப் பற்ற வைத்துச் சூடாக்கினாலும் அந்தச் சாப்பாடு அவர்களுக்கு ஆகாமல் போய்விடும். எனவே கை வைக்காதீர்கள். பாட்டியின் உடம்புக்கு அவசியம் என்றால் கதை வேறு. மருந்து, கஞ்சி, அறை வெப்பம் போன்றவற்றில் நோயாளிக்குச் சலுகை உண்டு, அதில் தயங்கவே கூடாது. பாட்டி சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், ஆண்கள் ஜெபாலயத்திலிருந்து வரும்வரை அவரைப் பட்டினியாக வைத்திருக்க வேண்டாம். காலையில் எந்த நேரத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் மகள் கேட்டு உங்களுக்கு எழுதித் தரட்டும்.

மசாலா பற்றி. ஏலக்காய், பட்டை, மஞ்சள், சீரகம், மிளகு எல்லாம் பாக்தாத் சமையலிலும் இருப்பவைதான். முத்திரை போட்ட பாக்கெட்டாக இங்கேயே வாங்குங்கள். ஊரிலிருந்து அம்மா அரைத்து அனுப்பிய பொடியை அவர்கள் பாத்திரத்தில் போடாதீர்கள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எந்த மில்லில் அரைத்தது என்று அவர்களால் உறுதி செய்ய முடியாது. கறிவேப்பிலையும் கடைப் பாக்கெட்டில் பூச்சி பார்த்து வந்தது என்றால் தாளிக்கலாம். நாலு வாரத்துக்கு ஒரு முறை த்பீத்துக்குப் பதிலாக, எலுமிச்சையும் மிளகும் சீரகமும் தடவிய கோழியையும் உருளைக்கிழங்கையும் ஒரே தட்டில் ஓவனில் வைத்துவிடுங்கள். அதில் உங்கள் கைமணம் தாராளமாக இருக்கலாம். குழந்தைகளுக்கு மட்டும் காரம் குறைவாக.

கடைசியாக, சமையலுக்கு வெளியே ஒன்று. உங்களுக்குத் தரப்பட்ட வேலை அனுமதி பாட்டியைப் பராமரிப்பதற்கானது. பாட்டிக்குச் சமைப்பது அதில் சேரும். வாரா வாரம் எட்டுப் பேருக்கு விருந்து வைப்பது அதில் சேராது. நீங்கள் பாசத்தால் செய்கிறீர்கள், அது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இருந்தாலும் மகளிடம் நேராகப் பேசுங்கள். கோபமாக அல்ல, ஒரு சீட்டோடு போங்கள். அதில் இப்படி எழுதியிருக்கட்டும்: சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு பானை, ஒரு தட்டு கத்தரிக்காய், ஒரு சாலட். ரொட்டி, ஒயின், ஹம்மஸ் (கொண்டைக்கடலை விழுது), தஹினி, அம்பா, கேக், குழந்தைகளுக்கு நொறுக்குத்தீனி எல்லாம் நீங்கள் வரும்போது வாங்கி வாருங்கள். ஷபாத்துக்குக் காகிதத் தட்டு, காகிதக் கிண்ணம். சனி இரவு பானைகளை மருமகன் தேய்க்கட்டும். உங்கள் வார ஓய்வு சனிக்கிழமை என்றால், பரிமாறுவதும் அவர்கள் பொறுப்பு என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். பேசியும் சரிவரவில்லையென்றால், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் காவ் லஓவேத் அமைப்பிடம் உங்கள் உரிமை என்ன என்று கேட்கலாம். அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன். உங்களிடம் இத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் உங்கள் கையை நம்பித்தான் வருகிறார்கள்.

முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இந்த வெள்ளிக்கிழமை குப்பே மட்டும் செய்து பாருங்கள், மற்றது வழக்கம்போல இருக்கட்டும். அடுத்த வாரம் த்பீத். அதற்கு முன் ஒரு நாள் பகலில் பாட்டியோடு உட்கார்ந்து, அவருடைய அம்மா அந்தப் பானையில் என்ன போடுவார் என்று கேளுங்கள். நான் சொன்ன அளவில் அவர் ஏதாவது திருத்துவார், அவர் சொல்கிறபடியே செய்யுங்கள்.